புதுக்காட்டில் நிற்காத ரயில்

பாஞ்சாலை அக்காவைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ரயில் நிலையக் கதவில் கார்டைத் தட்டும்போது அவள் அந்த மெஷினிடம் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். அதில் யாருக்கு என்ன நட்டம்? போன வாரம் அங்கே வேலை பார்க்கிற ஒருவன் தன் கூட்டாளியிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தான். நம்ம தமிழ்ப் பையன்தான். நேரே அவனிடம் போய், "ஒனக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றான். "அப்ப வாய மூடிக்கிட்டு நில்லு லா" என்றேன். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் அவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான்.

எனக்கு வாய் அதிகம். புதுக்காட்டுத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்பதற்கு இப்போது அங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம். என் பெயர் இசபெல். சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறேன். பாஞ்சாலை அக்காவும் நானும் புதுக்காட்டில் பக்கத்துப் பக்கத்து லைன் வீடு. சுவா என்கிற ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று போர்டில் இருந்தது, அதை ஆபீசில் மட்டும் சொல்வார்கள். தோட்டத்தை விற்ற பிறகு எங்களைச் சிரம்பானில் லோபாக் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அங்கே நாங்கள் எதிரெதிர் வீடு. அவள் கதவைத் திறந்தால் என் அடுப்பு தெரியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் பிறந்தது. பெண் பிள்ளை. லோகேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். குப்புற விழக்கூட இல்லை, அதற்குள் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தோட்டத்து லோரி உரம் ஏற்றப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் பிள்ளை அக்காவின் கையிலேயே போய்விட்டது.

அக்காவின் ஆட்கள் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். தாய் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்பார்கள். அக்காவின் புருசன் நல்லசாமி அண்ணன்தான் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும். அக்கா மார் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். லைன் பெண்கள் அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பாலைப் பீய்ச்சி எடுத்தார்கள். டம்ளரைப் பிடித்தது நான். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை, அந்தச் சூடு என்ன என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு புரிந்தது. நல்லசாமி அண்ணன் டம்ளரைத் துண்டால் மூடிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வருசம் அதே நாளில் அக்கா யாரையும் கேட்காமல் தானே பால் எடுத்துக்கொண்டு போனாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். கங்காணி வேலை பார்த்த மண்டோரின் பெண்சாதி வாசலில் நின்று, பொம்பளை போகிற இடமா அது என்று கேட்டாள். "எம் பாலு போன எடத்துக்கு நான் போகக் கூடாதா?" என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அவளைத் தாண்டி நடந்து போனாள். குழியின் தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி வைத்தாள். அது நன்றாகப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. எங்கள் வேதக்காரப் பிணங்களுக்கு சிமெண்டுச் சிலுவை உண்டு, பெயர் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அந்தச் செடி மட்டும்தான் அடையாளம்.

கித்தா ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டார்கள், இடுகாட்டைத் தொடவில்லை. நல்லசாமி அண்ணன் இறந்ததும் சிரம்பானில் எரித்து போர்ட்டிக்சன் கடலில் சாம்பலைக் கரைத்தோம். "மனுசன் கடலோட போயிட்டாரு. எம் பிள்ள மட்டும்தான் மண்ணுல இருக்கு" என்று அன்றைக்கு அக்கா சொன்னாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகுதான் இந்த ரயில் வந்தது.

சிரம்பானிலிருந்து கடற்கரை வரை இலகு ரயில் என்றார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றாயிற்று. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டான் மகேந்திரன். அவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை. அவன் அம்மா மயிலம்மாளும் அக்காவும் ஒரே மர வரிசையில், ஒரே நிரையில், ரப்பர் பால் வெட்டியவர்கள். படித்து, கட்சியில் சேர்ந்து, சட்டமன்ற உறுப்பினரின் ஆபீசைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஒய்பி என்று சொல்கிற அந்தப் பெரிய மனிதர் கூட்டத்துக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளக்கம் சொல்ல இவன் நின்றான்.

ரயில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்டவாளத்துக்கு அரசாங்கம் கடன் வாங்கிப் போடும். நடுவில் வருகிற நிலையம் எல்லாவற்றுக்கும் அதனிடம் பணம் இல்லை. அதனால் தோட்டத்தை வாங்கிய கம்பெனி தன் செலவில் புதுக்காட்டு நிலையத்தைக் கட்டித் தர வேண்டும். நிலையம் வந்தால் கம்பெனியின் வீடுகள் நல்ல விலைக்குப் போகும். பதிலுக்கு அரசாங்கம் இன்னும் பத்து மாடி உயர்த்திக் கட்டிக்கொள்ளச் சொல்லும். "இதுல யாருக்கும் நட்டமில்ல" என்றான் மகேந்திரன். "செத்தவங்களுக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் தாத்தாவும் அந்த இடுகாட்டில்தான் கிடந்தார்.

தண்டவாளம் இடுகாட்டு வழியாகத்தான் போகும் என்று வரைபடத்தில் இருந்தது. பெரியவர்களின் எலும்பைத் தோண்டி எடுத்து நகராண்மை இடுகாட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் பக்கத்துக்குப் பாதிரியார் வந்தார், அவர்கள் பக்கத்துக்குப் பூசாரி வந்தார். என் அம்மாவையும் மாற்றினோம். ஆனால் சின்னப் பிள்ளைகளின் குழிகளில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அத்தனை வருச மழையில் அந்தப் பிஞ்சு எலும்பு எங்கே இருக்கும்? ஆளுக்கு ஒரு சட்டியில் கொஞ்சம் மண் அள்ளித் தருகிறோம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.

அக்கா சட்டியை வாங்க மறுத்துவிட்டாள். "எதை அள்ளுவீங்க? கையை அள்ளுவீங்களா, காலை அள்ளுவீங்களா? அந்த மண்ணு பூராவும் எம் பிள்ளதான்" என்றாள். சோற்றுக் கேரியரும் குடையுமாகப் போய் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளாமல் குழியைத் தொட முடியாது. மண்வாரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநர் நிழலில் படுத்துத் தூங்கினான். பெரிய பெரிய ஆள் எல்லாம் வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மகேந்திரன் வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"சின்னம்மா, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுப்பா. நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். எந்திரிச்சுப் போ."

"போறேன். இதைப் பாத்துட்டுப் போறேன்." வரைபடத்தை அவள் மடியில் விரித்தான். கோட்டின் நடுவில் ஒரு வட்டம் இருந்தது. "இந்த எடம்தான் ஸ்டேஷனு. எஞ்சினியர்கிட்ட பேசிட்டேன். பிளாட்பாரத்துக்கு ஓரமா ஒரு சின்னப் பூந்தோட்டம் விடச் சொல்லியிருக்கேன். இந்தச் செடி இங்கயேதான் நிக்கும். மண்ணைத் தொட மாட்டாங்க."

அக்கா வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப லோபாக்லேருந்து இங்க வர யாரை எல்லாம் கெஞ்சுறீங்க?" என்று அவன் கேட்டான். "என்னையக் கெஞ்சுறீங்க, இசா ஆண்ட்டி மவனைக் கெஞ்சுறீங்க. கிராப் டாக்சிக்காரன் உள்ள வர மாட்டேங்கறான். ஸ்டேஷன் வந்துட்டா நீங்க பாட்டுக்கு ஏறி நீங்க பாட்டுக்கு எறங்கலாம். எறங்குனா எதிரே பிள்ள."

அதுதான் அவளைச் சாய்த்தது. ஒவ்வொரு வருசமும் அந்த நாள் நெருங்கினால் அவள் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருசம் என் மகனுக்கு வேலை மாறிவிட்டது, யாருக்கும் நேரமில்லை. பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் பேரு என்னப்பா வெப்பாங்க?" என்று கேட்டாள்.

"புதுக்காடு."

"தமிழ்லயா?"

"தமிழ் பேருதான் சின்னம்மா."

அவள் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தாள். அந்தப் பையன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். வட்டம் போட்டது உண்மை, எஞ்சினியரிடம் பேசியதும் உண்மை. செடியைச் சுற்றி நாலு கம்பு நட்டு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

தேர்தல் வந்தது, ஒய்பி தோற்றார். புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் போட்ட கணக்கு எல்லாம் ஊதிப் பெருக்கிய கணக்கு, செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். தண்டவாளத்தை நிறுத்த முடியாது, பாதி போட்டாயிற்று, கடனும் வாங்கியாயிற்று. நிலையங்களைத்தான் குறைக்க முடியும். வீடமைப்புக் கம்பெனிக்கும் அது நல்லதாகப் போயிற்று. வீடு எதிர்பார்த்த மாதிரி விற்கவில்லை. முதலில் வீடு விற்கட்டும், பிறகு நிலையம் கட்டுகிறேன் என்றது. நிலையம் இல்லாமல் எவன் அந்தக் காட்டில் வீடு வாங்குவான்? இதை ஒரு பெரிய மனுசனும் கேட்கவில்லை. எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வோம் என்று அறிவித்தார்கள்.

எண்ணுவதற்கு எங்கள் அடுக்குமாடிக்கும் ஆள் அனுப்பினார்கள். பழைய புதுக்காட்டு ஜனம் எல்லாம் இங்கேதானே இருக்கிறது. ரோகினி என்று ஒரு பெண், யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், நல்ல பிள்ளை. கீழே மேசை போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டாள். புதுக்காட்டு நிலையம் வந்தால் நீங்கள் எத்தனை தடவை போவீர்கள்? அவ்வளவுதான் கேள்வி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் இது புரியும். அந்தக் காலத்தில் டவுனுக்குப் போகத் தோட்டத்து லோரி ஒன்றுதான் கதி. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் போய்க் கேட்டால் அவன் முதலில் கேட்பது, "போன வாரந்தான போன?" என்பதுதான். அடிக்கடி கேட்கிறவளுக்கு லோரியும் கிடைக்காது, மறுநாள் பால் வெட்ட மேட்டுக்காட்டில் நிரை போடுவான். "எப்பவாச்சும்தான் ஐயா கேக்குறேன்" என்று சொல்கிறவளைத்தான் ஏற்றுவான். குறைத்துச் சொன்னால்தான் கிடைக்கும் என்பது எங்கள் ஜனத்துக்கு ரத்தத்தில் ஊறிப்போன பாடம். கையில் எதையாவது வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்குக் கிராணிதான்.

நான் வேலை முடிந்து வருகிற நேரம், மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருவரும் சொல்வதை நின்று கேட்டேன்.

"நமக்கு எதுக்கும்மா ரயிலு. எப்பவாச்சும் ஒரு நாளு போவோம்."

"கோயில் திருநாளைக்கி மட்டும்."

"இல்லாட்டியும் சமாளிச்சுக்குவோம்மா, ஒண்ணும் இல்ல."

அத்தனை பேரும் வாய் கொள்ளாத சிரிப்போடு, நல்ல பெயர் எடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்து அக்கா உட்கார்ந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"ஆண்ட்டி, எத்தனை தடவை போவீங்க?"

"வருசத்துக்கு ஒரு தடவதாம்மா."

"ஒரே ஒரு தடவையா?"

"ஒரு தடவ போதும்மா. அதுக்கு மேல தொந்தரவு குடுக்க மாட்டேன்."

ரோகினி விரலால் தட்டினாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "மாத்தும்மா அதை. அவங்க தினமும் போவாங்க. இவங்க எல்லாரும் தினமும் போவாங்க. இவளுங்களுக்குப் பேசத் தெரியல."

"ஆண்ட்டி, தட்டுனா போயிரும். திரும்ப எடுக்க முடியாது," என்றாள் அந்தப் பிள்ளை பயந்துபோய். "அதோட அவங்க சொன்னதைத்தானே நான் போட முடியும்?"

"விடு இசா," என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "படிக்கிற பிள்ளைய எதுக்கு வெரட்டுற? நெறைய கேட்டா ஆசப்படுறோம்னு நெனப்பாங்க."

என்னை மட்டும் தினமும் போவதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டாள். ஓர் ஆளை வைத்து எந்த அரசாங்கம் நிலையம் கட்டும்?

சில மாதம் கழித்து மகேந்திரன் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழப் பை. ஒய்பி ஆபீஸ் வேலை போன பிறகு அவன் காப்புறுதி பாலிசி விற்றுக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வீட்டுக்குள் போனவனின் பின்னாலேயே நானும் போனேன்.

"ஸ்டேஷன் இப்போதைக்கு இல்ல சின்னம்மா," என்றான் பழத்தைக் கீழே வைக்காமலே. "பின்னால பாத்துக்கலாம்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. ரயிலு போகும். அங்க நிக்காது."

அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "செடி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செடி என்னப்பா ஆச்சு?"

"பூந்தோட்டம் ஸ்டேஷன் கணக்குலதான் இருந்துச்சு சின்னம்மா. ஸ்டேஷன் இல்லன்னு ஆனதும் அந்த எடத்தையும் சேத்து மட்டம் தட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும் வேலி போட்டாச்சு. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "காதுல பூ சுத்துனியே. எறங்குனா எதிரே பிள்ளன்னு சொன்னியே. ஒன் தாத்தனை மட்டும் பத்திரமா தூக்கிட்டுப் போயிட்ட இல்ல?"

அவன் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. அடித்தால் வாங்கிக்கொள்கிறவன் போல நின்றான். அக்காதான் என்னை விலக்கினாள்.

"எதுக்காக இல்லைன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஆளு கொறைச்சல்னு சொல்லிட்டாங்க சின்னம்மா. எண்ணிப் பாத்தப்ப போறவங்க ரொம்பக் கம்மியா வந்துச்சாம்."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். "நான் ஒரு தடவன்னு சொன்னேனே, அதனாலயா?" என்றாள்.

"ஐயோ, ஒங்க ஒரு ஆளால இல்ல," என்று அவன் பதறினான். "எல்லாருமே அப்பிடித்தான் சொல்லியிருக்காங்க."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அக்கா காதில் அது விழவில்லை. ஒரு தடவை என்று தன் வாயால் சொன்னது மட்டும்தான் அவளுக்குள் நின்றது. "கேட்டாங்களே இசா, கண்ணு முன்னால ஒக்காந்து கேட்டாங்களே. தெனமும் வருவேன்னு சொல்லியிருந்தா எம் பிள்ள மேல தண்டவாளத்தைப் போட்டிருக்க மாட்டாங்களே. நானே வாயால கெடுத்துட்டேனே," என்று மார்பில் அடித்துக்கொண்டாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கம்பெனியைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், பழையவனையும் புதியவனையும் சேர்த்துத் திட்டினேன். அவள் எதையும் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை குற்றவாளி ஒருத்திதான்.

ரயில் ஓடத் தொடங்கியது. முதல் மாதம் எல்லோருக்கும் இலவசம் என்று கொட்டு மேளத்தோடு திறந்தார்கள். பழைய ஒய்பியும் புதிய ஒய்பியும் தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று தனித்தனியாகப் பதாகை கட்டினார்கள். அந்த மாதத்தில்தான் பிள்ளையின் நாளும் வந்தது.

காலையில் அக்கா தலைக்குக் குளித்து, காய்ச்சின பாலை ஆற்றி ஒரு போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கேண்டீனுக்குப் போன் போட்டு விடுப்புச் சொன்னேன். ரயிலில் குளிர் அதிகம், கண்ணாடி பளபளவென்று இருந்தது. குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடம் இருந்தும் அக்கா உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த வரைபடத்தில் புதுக்காடு என்று எதுவும் இல்லை.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி முதலில் தெரிந்தது. அது மட்டும் இடிக்காமல் நிற்கிறது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் கோபுரம். அதைத் தாண்டினால் இடுகாட்டு மேடு. மேடு இல்லை, எல்லாம் மட்டம். ரயில் வேகம் குறையவில்லை. அக்கா போத்தலைத் திறந்தாள். சன்னல் திறக்காது, கதவு திறக்காது. ஒரு நொடி எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலடியிலேயே ஊற்றினாள்.

பால் தரையில் ஓடியது. வண்டி வளைவில் திரும்பும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றிருந்தவர்களின் சப்பாத்துக்கு அடியில் போனது. ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். யாரோ சீ என்றார்கள். அதற்குள் கோயிலும் தொட்டியும் பின்னால் போய்விட்டன.

துப்புரவு செய்கிற மலாய்ப் பெண் துடைப்பானோடு வந்தாள். சின்ன வயது. கோபப்படவில்லை. "கொட்டிருச்சா மக்சிக்?" என்று பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மலாயில் கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "என் பிள்ளைக்கு," என்று மலாயிலேயே சொன்னாள்.

அந்தப் பெண், பிள்ளை எங்கே என்று அங்குமிங்கும் பார்த்தாள். நான் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, உடனே துடைக்கவில்லை. கடைசி நிலையம் வரும் வரை துடைப்பானைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அந்த மலாய்ப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு அழுது முடித்துவிடுவாள், மனது ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளும் அக்கா ரயிலுக்குக் கிளம்பினாள். அதற்கு மறுநாளும் போனாள். இலவச மாதம் முடிந்ததும் முதியோர் கார்டு எடுத்துக்கொண்டாள். சிரம்பானில் ஏறிக் கடற்கரைக்குப் போவாள், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவாள். கதவில் கார்டைத் தட்டும்போது குனிந்து மெஷினிடம், "புதுக்காடு" என்று சொல்வாள். ஏன் என்று கேட்டேன்.

"ஆளு கொறைச்சல்னுதான ஸ்டேஷன் இல்லன்னாங்க? அன்னைக்கி தப்பா சொல்லிட்டேன். இப்ப தெனமும் வர்றேன்ல, எண்ணிக்கிட்டுத்தான இருப்பாங்க. ஆளு ஏறட்டும் இசா. ஒரு நாளைக்கித் தொறந்துதான ஆகணும்?"

நான் ரோகினிக்குப் போன் போட்டேன். அவள் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். இப்படி ஓர் அம்மா தினமும் போகிறார், இது எங்காவது கணக்கில் சேருமா என்று கேட்டேன்.

"ஏறுற எடமும் எறங்குற எடமும்தான் பதிவாகும் ஆண்ட்டி," என்றாள். "நடுவுல தாண்டிப் போற எடம் பதிவாகாது. அவங்க எத்தனை தடவை போனாலும் புதுக்காட்டுக்கு ஒண்ணும் சேராது."

இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீழே உட்கார்ந்து மறுநாளைக்கான சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு திரும்ப வந்து கேட்டா இப்ப என்ன போடுவா இசா?" என்றாள். "ஒரு தடவன்னு போட மாட்டாள்ல?"

எனக்கு வாய் அதிகம். தோட்டத்துத் துரையை எதிர்த்துப் பேசியிருக்கிறேன், பாதிரியாரை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்து ரோகினி சொன்னதைச் சொல்ல முடியவில்லை. "தெனமும்னு போடுவா அக்கா" என்றேன்.

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். நானும் கூடப் போனேன். அக்கா கார்டைத் தட்டி, குனிந்து, பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்காகத் திரும்பி நின்றாள். நான் கார்டைத் தட்டினேன். கதவு திறந்தும் அக்கா நகரவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு இசா."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். முதலில் சொன்னேனே, அந்த நிலையத்து ஆளும் நின்றான். நான் மெஷினிடம் குனிந்து, "புதுக்காடு" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆங். இன்னைக்கி ரெண்டு பேரு," என்றாள்.